கறுப்புக் கோட்டு போட்டாயிற்று, அப்புறம்?

காலை பத்து மணிக்குச் சென்னை ஐகோர்ட் வாசலில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் வந்திறங்கிய கூட்டம் அலை அலையாக உள்ளே போய்க் கொண்டிருக்கும். கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கழுத்துப் பட்டை, கக்கத்தில் கேஸ் கட்டு. காரில் வந்தவருக்கும் அதே கோட்டு. கால்நடையாக வந்தவருக்கும் அதே கோட்டு. வேறு எந்தத் தொழிலிலும் இல்லாத சமத்துவம் அல்லவா இது என்று வியக்கத் தோன்றும். கோட்டுப் பைக்குள் கையை விட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்!

ஒரு வாலிபரை எடுத்துக் கொள்வோம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமம். தகப்பனார் சொற்ப நிலத்தில் சாகுபடி செய்கிறவர். குடும்பத்தில் வக்கீல் என்று முன்பு யாரும் இருந்ததில்லை. வரப்புத் தகராறு ஒன்றில் முன்சீப் கோர்ட்டுக்குப் பல வருஷம் அலைந்ததுதான் சட்டத்தோடு அந்தக் குடும்பத்துக்கு ஏற்பட்ட ஒரே பரிச்சயம். "நம் வீட்டில் ஒருவன் வக்கீலாக வேண்டும்" என்ற ஆசை தகப்பனாருக்கு அந்த அலைச்சலில்தான் பிறந்தது.

பிள்ளை படித்து வக்கீலாகி விட்டார். ஊரில் 'வக்கீல் தம்பி' என்று மரியாதை. கல்யாணப் பத்திரிகைகளில் பெயருக்குப் பின்னால் பட்டம் அச்சாகிறது. ஆனால் மாதம் பிறந்தால் அறை வாடகைக்குப் பணம் ஊரிலிருந்துதான் வர வேண்டும். 'தம்பிக்கு வரும்படி என்ன?' என்று யாராவது கேட்டு விட்டால், தகப்பனார் பேச்சை மாற்றி விடுகிறார்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. முதல் தலைமுறையாக இந்தத் தொழிலுக்கு வரும் ஆயிரக்கணக்கான வாலிபர்கள், யுவதிகள் எல்லோருடைய வீட்டிலும் நடப்பது இதுதான்.

ஜூனியர் என்றால் என்ன வேலை?

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஜூனியர் என்றால் சீனியருக்குப் பின்னால் கட்டுத் தூக்கிக் கொண்டு போகிறவர் என்றுதான் தெரியும். உண்மையில் ஒரு வக்கீல் ஆபீஸ் ஓடுவதே அவருடைய காலில்தான்.

அன்றைய வழக்குப் பட்டியலைப் பார்த்து எந்த வழக்கு எந்தக் கோர்ட்டில் எத்தனையாவது என்று குறிக்க வேண்டும். சீனியர் வேறு கோர்ட்டில் வாதாடிக் கொண்டிருக்கும்போது, இங்கே எழுந்து நின்று, வழக்கைச் சற்றுத் தள்ளி எடுத்துக் கொள்ளும்படி நீதிபதியிடம் கெஞ்ச வேண்டும். வாய்தா வாங்க வேண்டும். பேட்டா கட்ட வேண்டும். குறை சுட்டி ஆபீஸில் திருப்பிக் கொடுத்த மனுவைத் திருத்தி மறுபடி தாக்கல் செய்ய வேண்டும். நகலுக்கு மனுப் போட்டு, நாலு நாள் நடக்க வேண்டும். கம்ப்யூட்டர் வழியாகத் தாக்கல் செய்யும் முறை வந்த பிறகு, பக்கம் பக்கமாக ஸ்கான் செய்கிற வேலையும் சேர்ந்து விட்டது. சாயங்காலம் கட்சிக்காரர்கள் வருவார்கள், குறிப்பெடுக்க வேண்டும். வீடு திரும்ப இரவு ஒன்பதாகும்.

இவ்வளவுக்கும் பல இடங்களில் கிடைப்பது பஸ் சார்ஜும் பகல் சாப்பாடும். சில இடங்களில் அதுவும் இல்லை.

'தொழில் கற்றுக் கொடுக்கிறோமே, அது போதாதா?' என்பது பழைய வாதம். ஒரு காலத்தில் அது நியாயமாகவே இருந்திருக்கலாம். அன்று இத்தொழிலுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வக்கீல் வீட்டுப் பிள்ளைகள். இல்லையென்றால் நிலபுலன் உள்ளவர்கள். ஐந்து வருஷம் வருமானமில்லாவிட்டாலும் ஊரிலிருந்து நெல் வந்துவிடும். குருகுலவாசம் சாத்தியமாயிற்று. இன்று நெல்லும் வருவதில்லை. குருகுலத்தில் சாப்பாடும் போடுவதில்லை!

நீதிமன்றம் சொன்னது

இந்தக் குறை நீதிமன்றத்தின் காதுக்கே எட்டியது. 2024 ஜூனில் சென்னை ஐகோர்ட்டின் இரு நீதிபதிகள் அடங்கிய பெஞ்சு முக்கியமான உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தது. சென்னை, மதுரை, கோயமுத்தூர் ஆகிய நகரங்களில் பழகும் இளம் வக்கீல்களுக்கு மாதம் ரூ. 20,000-மும், மற்ற ஊர்களில் ரூ. 15,000-மும் குறைந்தபட்ச உதவித் தொகையாகக் கொடுக்க வேண்டும் என்று எல்லா வக்கீல்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பும்படி தமிழ்நாடு-புதுச்சேரி பார் கௌன்ஸிலுக்கு அது கட்டளையிட்டது.

அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கௌன்ஸிலும் ஒரு சுற்றறிக்கை விட்டது. நகரத்தில் ரூ. 20,000, கிராமப்புறத்தில் ரூ. 15,000 என்று அதே தொகைதான். ஆனால் அது கட்டளை அல்ல, சிபார்சு. கொடுத்தால் நல்லது, கொடுக்காவிட்டால் தண்டனை இல்லை.

சீனியர்கள் தரப்பையும் கேட்காமல் இருக்கக் கூடாது. தாலூகா ஊரில் நாலு ஜீவனாம்ச வழக்கும் இரண்டு பாகப் பிரிவினையும் நடத்திக் காலம் தள்ளுகிற வக்கீல், மாதம் 15,000 ரூபாய்க்கு எங்கே போவார்? கட்டாயம் என்று ஆக்கினால், 'எனக்கு ஜூனியரே வேண்டாம்' என்று கையை விரித்து விடுவார். பையனுக்குப் பணமும் போயிற்று, பயிற்சியும் போயிற்று. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு முறை ஆஜராவதற்கு லட்சக் கணக்கில் கட்டணம் பெறும் பெரிய சீனியரும் இதே வாதத்துக்குப் பின்னால் ஒளிந்து கொள்வதுதான் வேடிக்கை.

படி ஏற ஏறக் கட்டணம்

சம்பாத்தியம் வராவிட்டாலும் செலவு வந்து கொண்டேயிருக்கும். வக்கீலாகப் பதிவு செய்து கொள்ள, 1961-ஆம் ஆண்டின் வக்கீல்கள் சட்டம் நிர்ணயித்த கட்டணம் ரூ. 750, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு ரூ. 125. ஆனால் பல மாநில பார் கௌன்ஸில்கள் நூலகம், நல நிதி, சோதனை என்று பல பெயர்களைச் சொல்லி ரூ. 15,000 முதல் ரூ. 42,000 வரை வசூலித்து வந்தன. சட்டத்தைக் காக்க வேண்டிய சபைகளே சட்டத்தை மீறி வசூலித்தன! 2024 ஜூலை 30-ந் தேதி ஸுப்ரீம் கோர்ட் இதற்குத் தடை போட்டது. சட்டத்தில் சொன்ன தொகைக்கு மேல் ஒரு காசும் வாங்கக் கூடாது என்றும், அதிகக் கட்டணம் ஏழைப் பட்டதாரிகளுக்குக் கதவை அடைப்பதாகும் என்றும் தீர்ப்பளித்தது.

பதிவு முடிந்தால் அகில இந்திய பார் பரீட்சை. 2011-ல் முதல் முறையாக நடந்தது. 'பட்டம் வாங்கியவனுக்கு இன்னொரு பரீட்சையா?' என்று வழக்குகள் கிளம்பின. 2023 பிப்ரவரி 10-ல் ஸுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் பெஞ்சு, இப்படிப் பரீட்சை வைக்கும் அதிகாரம் பார் கௌன்ஸிலுக்கு உண்டு என்று முடிவு கூறியது. பரீட்சை இருப்பது நல்லதுதான். ஆனால் 100 கேள்விகளுக்கு விடையைத் தேர்ந்தெடுத்துக் குறிப்பதால் குறுக்கு விசாரணை செய்ய வருமா, பிராது எழுத வருமா என்பது வேறு விஷயம்.

மூன்று வருஷ முடிச்சு

இந்தச் சூழ்நிலையில்தான் 2025 மே 20-ந் தேதி ஸுப்ரீம் கோர்ட் மற்றொரு தீர்ப்பை வழங்கியது. சிவில் நீதிபதி பதவிக்குப் பரீட்சை எழுத விரும்புகிறவர் குறைந்தது மூன்று வருஷம் வக்கீலாகத் தொழில் நடத்தியிருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இது புது விதி அல்ல. 1993-ல் இதே கோர்ட் இதே விதியை வகுத்தது. கெட்டிக்காரப் பட்டதாரிகள் மூன்று வருஷம் காத்திருக்க மாட்டார்கள், வேறு வேலைக்குப் போய் விடுகிறார்கள் என்று கண்டு, 2002-ல் அது நீக்கப்பட்டது. கோர்ட் வாசலையே மிதிக்காதவர் நேராக நீதிபதி ஆசனத்தில் உட்கார்ந்தால் சங்கடங்கள் நேருகின்றன என்று இப்போது திரும்ப வந்திருக்கிறது.

நியாயமான காரணம்தான். சாட்சிக் கூண்டில் நடுங்குகிற கிழவியையும், கை கட்டி நிற்கிற கட்சிக்காரரையும் கீழே நின்று பார்த்தவருக்குத்தான் மேலே உட்காரும்போது மனம் இளகும். ஆனால் முடிச்சு எங்கே விழுகிறது, பாருங்கள். நமது வக்கீல் தம்பி நீதிபதியாக ஆசைப்பட்டால், முதலில் மூன்று வருஷம் தொழிலில் நிலைக்க வேண்டும். வாடகையும் சாப்பாடும் மாதம் பத்தாயிரம் என்றே வைத்துக் கொண்டாலும், 36 மாதத்துக்கு ரூ. 3,60,000. அதை யார் கொடுப்பார்கள்? தகப்பனார் நிலத்தை அடகு வைக்க வேண்டும். இயலாதவர் ஊர் திரும்பி வேறு வேலை பார்க்க வேண்டும். பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அந்த மூன்று வருஷம் ஒரு பயிற்சி. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு சுவர்.

இன்னொன்றும் உண்டு. மூன்று வருஷம் தொழில் நடத்தியதற்குச் சான்று வேண்டும். அந்தக் கோர்ட்டின் தலைமை நீதிபதியோ, பத்து வருஷத்துக்குக் குறையாத அநுபவமுள்ள வக்கீலோ சான்றளிக்கலாம். வக்கீலின் சான்றை நீதித்துறை அதிகாரி ஆமோதிக்க வேண்டும். நாளை சான்றுக்காகக் கையேந்த வேண்டிய சீனியரிடம், இன்று எந்த ஜூனியர் துணிந்து சம்பளம் கேட்பார்?

கல்லூரியும் கோர்ட்டும்

பழைய சென்னைச் சட்டக் கல்லூரி 1891-ல் ஏற்பட்டது. ஐகோர்ட்டுக்குப் பக்கத்திலேயே அமைந்த சிவப்புக் கட்டடம். வகுப்பு முடிந்தால் மாணவர் நாலு எட்டு நடந்து, பெரிய வக்கீல்கள் வாதாடுவதை நேரிலே கேட்கலாம். தொழில் செய்யும் வக்கீல்களே வந்து பாடம் நடத்தவும் வசதியாக இருந்தது. 2018-ல் கல்லூரி பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் மாறிப் போயிற்று. மாணவர் சண்டைகளும் இட நெருக்கடியும் மாற்றத்துக்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. இடம் விசாலமாயிற்று, கோர்ட் தூரமாயிற்று.

மறு பக்கம், பெங்களூரில் தேசீய சட்டப் பள்ளி 1988-ல் முதல் மாணவர்களைச் சேர்த்தது முதல், ஐந்தாண்டுப் படிப்பு நாடெங்கும் பரவியிருக்கிறது. அப்படிப்பட்ட கல்லூரிகளின் நல்ல மாணவர்கள் பலரைக் கம்பெனிகளும் பெரிய சட்ட நிறுவனங்களும் கொழுத்த சம்பளம் கொடுத்து அழைத்துக் கொண்டு போகின்றன. ஜில்லாக் கோர்ட்டுக்கு வருகிறவர் யார்? வேறு வழியில்லாதவரும், விடாப்பிடியான லட்சியவாதியும்தான்.

படித்த படிப்பும் ஒரே நாளில் பழசாகி விட்டது. 2024 ஜூலை 1 முதல், 1860-ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதீய நியாய சம்ஹிதை அமலுக்கு வந்தது. 511 பிரிவுகள் 358 ஆயின. கொலைக்கு 302 என்று குழந்தைக்கும் தெரியும்; இனி அது 103. மோசக்காரனை நாம் '420' என்று திட்டுகிறோமே, அவன் 318-க்குக் குடி மாறி விட்டான்! ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும். ஆகவே இளம் வக்கீல் இரண்டையும் கற்க வேண்டும். கற்பிக்க நல்ல சீனியர் வேண்டும்.

மெஷினைக் கேட்டுக் கொள்ளலாமே என்பார்கள் சிலர். 2023-ல் நியூயார்க்கில் வக்கீல்கள் அப்படித்தான் செய்தார்கள். செயற்கை அறிவுப் பொறி எடுத்துக் கொடுத்த முன் தீர்ப்புகளைக் கோர்ட்டில் காட்டினார்கள். அப்படிப்பட்ட தீர்ப்புகளே கிடையாது; பொறி கற்பனை செய்தவை அவை. 5,000 டாலர் அபராதம் விழுந்தது. புத்தகத்தைப் புரட்டிச் சரி பார்க்க ஒரு ஜூனியர் இருந்திருந்தால் மானம் தப்பியிருக்கும்.

என்ன செய்யலாம்?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2020-ல் தமிழக அரசு, ஏழைக் குடும்பத்து இளம் வக்கீல்களுக்கு இரண்டு ஆண்டு மாதம் ரூ. 3,000 கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆந்திர அரசு 2019-ல் மாதம் ரூ. 5,000 என்று தொடங்கியது. தொகை சிறிது, ஆனால் வழி சரியானது. சிறிய ஊர் வக்கீல் பாதி கொடுத்தால், மீதியை நல நிதியும் சர்க்காரும் ஏற்கலாம். பெருத்த வருமானமுள்ளவர்களுக்குச் சிபார்சு போதாது, விதி வேண்டும். ஒவ்வொரு சீனியரும் எத்தனை ஜூனியருக்கு எவ்வளவு கொடுக்கிறார் என்று பார் கௌன்ஸில் ஆண்டுதோறும் கணக்குக் கேட்டாலே பாதி வியாதி தீரும். இலவச சட்ட உதவி வழக்குகளை இளம் வக்கீல்களிடம் கூடுதலாக ஒப்படைத்து, கட்டணத்தைத் தாமதமின்றிக் கொடுத்தால் அவர்களுக்கும் பிழைப்பு. ஏழைக் கட்சிக்காரருக்கும் துணை.

'வக்கீல்களின் கஷ்டம் நமக்கென்ன?' என்று நினைத்து விடாதீர்கள். நாளை உங்கள் வீட்டுப் பத்திரத்தில் தகராறு வந்தால், கோர்ட்டில் எழுந்து நிற்கப் போவது இந்த வாலிபர்தான். அவர் பசியோடு கற்றுக் கொண்டால் அரைகுறையாகத்தான் கற்பார். அந்தக் குறையின் விலையை உங்கள் வழக்கு கொடுக்க வேண்டியிருக்கும்.

சென்னை ஐகோர்ட்டுக்குள் சர் டி. முத்துசாமி ஐயரின் சிலை இருக்கிறது. தெருவிளக்கின் வெளிச்சத்தில் படித்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அந்தக் கோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியானவர். இளமையில் கிராமக் கணக்குப்பிள்ளையிடம் உதவியாளாக வேலை பார்த்தபோது அவருக்கு மாதச் சம்பளம் 1 ரூபாய். அவருடைய உழைப்பை மேற்கோள் காட்டாத சீனியர் கிடையாது. ஜூனியர்களுக்கு அது நல்ல உபதேசந்தான். ஆனால் அந்தக் கதையில் ஒரு சங்கதியை எல்லோரும் மறந்து விடுகிறோம். அந்தக் கணக்குப்பிள்ளை, மாதம் பிறந்ததும் அந்த ஒரு ரூபாயைக் கொடுத்து விட்டார்!