மகனோடு உலக முடிவு வரை

நம் வீடுகளிலே தந்தை என்பவர் யார்? மாதந்தோறும் சம்பளம் கொண்டு வருபவர். பாடசாலைத் தேர்ச்சி அறிக்கையிற் கையொப்பம் இடுபவர். "அப்பா வரட்டும், சொல்லுகிறேன்" என்று தாய்மார் பிள்ளைகளை அச்சுறுத்துவதற்குப் பயன்படுபவர். என் தகப்பனார் மிக நல்லவர். ஆயினும் அவரோடு தனியே சென்ற பயணம் என்று என் நினைவில் நிற்பது ஒன்றேதான்: சைக்கிளின் முன்கம்பியில் என்னை இருத்திக் கடற்கரைக்கு அழைத்துச் சென்ற ஒரு மாலைப் பொழுது. அன்று அவர் என்ன பேசினார் என்பது மறந்துவிட்டது. கம்பி தொடையில் அழுத்திய நோவு மாத்திரம் மறக்கவில்லை. இருந்தும் அந்த மாலையை எண்ணும் போதெல்லாம் நெஞ்சு குளிர்கிறது.

இக்காலத்துத் தந்தையர் பலர் இந்த வழக்கத்தை மாற்ற விரும்புகின்றனர். நானும் அவர்களுள் ஒருவன். ஆகவே மகனுக்கு ஐந்து வயது நிரம்பியதும் அவனை ஹோட்டன் சமவெளிக்கு அழைத்துச் செல்லத் துணிந்தேன்.

கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் விரிந்து கிடக்கும் புல்வெளி அது. 1831 முதல் 1837 வரை இலங்கையின் ஆள்பதியாக இருந்த றொபேட் வில்மட் ஹோட்டனின் பெயரைத் தாங்கியது. 1988 இல் தேசியப் பூங்காவாயிற்று. சுற்றிவரும் நடைபாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர் நீளம். அதன் ஓரிடத்தில் நிலம் திடீரென முடிந்து 870 மீற்றர் அளவு கீழே இறங்குகிறது. அதுவே உலக முடிவு. வானம் தெளிந்திருந்தால் தெற்கே கடலும் தெரியும். ஆனால் காலை ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

இந்த ஒன்பது மணிதான் என் புத்தியைக் கெடுத்தது. நுவரெலியாவிலிருந்து விடியுமுன் புறப்பட்டும் வாயிலில் தாமதமாயிற்று. பிறகு என்ன? "நட, நட!" என்பதைத் தவிர வேறு சொல் என் வாயில் வரவில்லை. அவன் ஒரு வண்டைப் பார்க்கக் குனிந்தான். கையைப் பிடித்து நிமிர்த்தினேன். சப்பாத்துக்குள் கல் புகுந்துவிட்டது என்றான். "அங்கே போய்ப் பார்ப்போம்" என்றேன். பாதி வழியில் அழுதான். தோளில் ஏற்றிக்கொண்டு ஓடினேன். சென்று பார்த்தால் முன்னே வெள்ளைச் சுவர் ஒன்றுதான். அம்மம்மா! அந்த மூடுபனியைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தைப் பிள்ளையும் கண்டுவிட்டான்.

வீடு திரும்பிய இரவு அவன் தாயிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "இனி அப்பாவோடு போகமாட்டேன்."

மனைவி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "நீங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவில்லை, இழுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள்" என்று மாத்திரம் சொன்னாள். அவன் மீண்டும் என்னோடு வரச் சம்மதிக்க ஓராண்டு ஆயிற்று. அந்த ஓராண்டும் மாலை வேளைகளிற் குளக்கட்டு வரை நடந்தோம். அவன் நின்ற இடத்திலெல்லாம் நானும் நின்றேன்.

அடுத்த தை மாதம் மறுபடியும் சென்றோம். இம்முறை எனக்கு அவசரம் இல்லை. பையில் மாற்றுச் சட்டையும் சுடுநீர்ப் போத்தலும் இருந்தன. வாயிலிற் பூங்கா ஊழியர் பிஸ்கட் பொதியின் பொலித்தீன் உறையைக் கழற்றி வாங்கிக்கொண்டு தின்பண்டத்தைக் காகிதத்திற் சுற்றித் தந்தார். ஏன் என்று மகன் கேட்டான். மரை தின்றால் அதன் வயிற்றுக்குள் சிக்கிக்கொள்ளும் என்றார் அவர். அன்று முழுவதும் அவன் பொலித்தீன் தேடுங் காவலனாகிவிட்டான்.

தெளிந்த இரவுகளின் பின் அம்மாதங்களில் தாழ்ந்த புல்வெளியில் உறைபனி படிவதுண்டு. கனத்த குளிர்காற்று இறங்கிப் பள்ளத்தில் தங்குவதால் நேர்வது அது. வெயில் ஏறினால் மறைந்துவிடும். மகன் விரல் நுனியால் ஒரு புல்லைத் தொட்டான். "அப்பா, புல்லுக்குள்ளே யார் ஐஸ் வைத்தது?" ஐஸ் என்றால் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருப்பது என்றே அறிந்திருந்த பிள்ளை! கால் மணி நேரம் அங்கேயே இருந்தோம். முன்னைய ஆண்டு இதே புல்லைத்தான் மிதித்துக்கொண்டு ஓடியிருப்பேன்.

பாதை பிரியுமிடத்தில் எவ்வழி என்று அவனையே கேட்டேன். நீர்வீழ்ச்சி வேண்டும் என்றான். பேக்கர் நீர்வீழ்ச்சிக்குப் பெயர் தந்த சாமுவேல் பேக்கர், 19 ஆம் நூற்றாண்டில் நுவரெலியாவிற் குடியிருந்து, வேட்டை நாய்களோடு மரைகளைத் துரத்தியவர். ஆண்மையும் வீரமும் அன்று அவ்வாறு அளக்கப்பட்டன. இன்று எங்கள் வீரமெல்லாம் வழுக்கும் படிகளில் ஓர் ஆறு வயதுப் பிள்ளையை இறக்குவதுதான்.

அங்கேதான் அவன், "கையை விடுங்கோ அப்பா" என்றான். விடுவதா? உலக முடிவின் விளிம்பில் என்றால் எத்தனை அழுதாலும் விடமாட்டேன். அங்கே தவறினால் மீட்பு இல்லை. இங்கே விழுந்தால் முழங்கால் சிராயும். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் எங்கும் கையைப் பிடிப்பதும் எங்கும் விடுவதும் ஒரே வகையான பிழை என்பது என் எண்ணம். ஆகவே கையை விட்டு, அவனுக்கு ஒருபடி கீழே இறங்கி நின்றேன். இறங்கும்போது தந்தை கீழே, ஏறும்போது பிள்ளைக்குப் பின்னே. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வித்தை. அவன் குந்தியிருந்து, வேரைப் பற்றி, மிக நிதானமாக இறங்கினான். வழுக்கி விழுந்தவன் நான்! சேற்றில் அமர்ந்திருந்த என்னை நோக்கித் தன் சின்னக் கையை நீட்டினான்.

உலக முடிவுக்கு அன்று போகவில்லை. கால்கள் ஓய்ந்துவிட்டன என்று அவனே சொன்னான். "அது அடுத்த முறையும் இருக்குந்தானே?" என்று மாத்திரம் கேட்டுக்கொண்டான்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். என் சின்ன மகளுக்கு இப்போது நான்கு வயது. "பெண்பிள்ளைக்கு மலை எதற்கு?" என்று உறவினர் சிலர் இப்பொழுதே தொடங்கிவிட்டனர். அவளுக்கும் ஒரு சோடிச் சப்பாத்து வாங்கியாயிற்று.

வீட்டுக்கு வருவோரிடம் மகன் உறைபனியைப் பற்றியும் மரையைப் பற்றியும் பேசுவதில்லை. "அப்பா விழுந்தவர், நான்தான் தூக்கினேன்" என்பதே அவன் கதை. வரும் தை மாதம் தானே முன்னே நடப்பதாகத் தாயிடம் வாக்குக் கொடுத்திருக்கிறான். நான் மறுபடியும் விழாமல் பார்த்துக்கொள்வதற்காம்.