வக்கீல் வீட்டுப் படி ஏறும் முன்னே



"சுகாதார இலாகாவுக்குக் கோர்ட்டு விவகாரத்தில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். வேலை உண்டு. புருஷனும் பெண்சாதியும் ஆளுக்கொரு திசையில் நிற்கிற வீட்டில் முதலில் தவறிப் போவது பிள்ளையின் தடுப்பூசியும் கர்ப்பிணியின் வேளைச் சாப்பாடும்தான்.

பேசித் தீருகிற பிணக்கு பேசித் தீரட்டும். ஆனால் அடி உதை என்று வந்துவிட்டால், "பொறுத்துப் போம்மா" என்று சொல்லாதீர்கள். 181 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம்.

பத்திரத்தில் எழுதினால் விவாகரத்தா?

ஊர்ப் பஞ்சாயத்தில் முத்திரைத்தாளில் எழுதிக் கைநாட்டு வைத்தால் தீர்ந்தது என்று பலர் நம்புகிறார்கள். தீராது. இந்துக்களுக்கு 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி கோர்ட்டுத் தீர்ப்பு வேண்டும். சில சமூகங்களின் பழைய வழக்கத்தைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் உண்டென்று நிரூபிக்க வேண்டும். வெறும் பத்திரத்தை நம்பி மறுமணம் செய்தால் அந்தக் கல்யாணம் செல்லாது. ஏழு ஆண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் தனிச் சட்டங்கள் உள்ளன.

இருவரும் சம்மதித்தால் வழி சுலபம். ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்ட பின் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். தக்க வழக்கில் இந்த ஆறு மாதத்தைக் கோர்ட்டு விலக்கலாம் என்று 2017-இல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. மனைவி தான் குடியிருக்கும் ஊருக்குரிய கோர்ட்டிலேயே மனுப் போடலாம்.

வக்கீலிடம் கவனிக்க வேண்டியவை

1. பார் கவுன்சிலில் பதிவு பெற்றவர்தானா என்று கேளுங்கள். கோர்ட்டு வாசலில் கையைப் பிடித்து இழுக்கும் தரகர் வக்கீல் அல்ல.

2. குடும்ப வழக்கு நடத்திய பழக்கம் உள்ளவரா என்று விசாரியுங்கள்.

3. ஃபீஸ் எவ்வளவு, எத்தனை தவணை என்று முதலிலேயே பேசி, ரசீது வாங்குங்கள். "ஜெயித்தால் ஜீவனாம்சத்தில் பங்கு கொடு" என்பது வக்கீல்களின் விதிக்கே விரோதம்.

4. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வக்காலத்தையும் மனுவையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

5. எதிர்த்தரப்பு அமர்த்திய வக்கீலை நம்பிக் கையெழுத்திடாமல், உங்களுக்கென்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் காசு இல்லையா?

1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பாராமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறார்கள். தாலுகா கோர்ட்டில் வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள். அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள்.

ஜீவனாம்சம்

இதற்கு விவாகரத்து ஆகியிருக்க வேண்டியதில்லை. பழைய 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144-ஆம் பிரிவாக இருக்கிறது. வழக்கு முடியும் முன்பே இடைக்கால ஜீவனாம்சமும் கேட்கலாம்.

பிள்ளை யாரிடம் இருப்பது என்பதில் கோர்ட்டு முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனைத்தான். நீங்களும் அதையே பாருங்கள். தம்பதியர் பிரியலாம், தாயும் தகப்பனும் என்ற பொறுப்பிலிருந்து யாருக்கும் விடுதலை கிடையாது.