பழைய கொம்பியூட்டரோடு போகும் தீவகத்தின் கடிதங்கள்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 க்கு மாறலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய இயந்திரங்களை அது ஏற்பதில்லை. வேலணை, ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு என்று யாழ்ப்பாணத் தீவகம் எங்கும் வருடக்கணக்காக உழைத்த கொம்பியூட்டர்கள் இப்போது மூலைக்குப் போகின்றன. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த லப்டொப்போ, யாழ்ப்பாணத்தில் வாங்கிய பாவித்த இயந்திரமோ மேசைக்கு வருகிறது.

புதியதை இயக்கியதும், இமெயிலுக்கு எதைப் போடுவது என்ற கேள்வி வருகிறது. விண்டோஸ் 10 உடன் வந்த ‘மெயில்’ செயலிக்கான ஆதரவும் 2024 டிசெம்பர் 31 உடன் நின்றுவிட்டதால் அந்தக் கேள்வியைத் தள்ளிப்போடவும் முடியாது. ஆனால் அதற்கு முன்னால் கேட்கவேண்டியது ஒன்று உண்டு. இதுவரை வந்த அஞ்சல்கள் எங்கே கிடக்கின்றன? இதைக் கேட்காமலே பலர் பழைய பெட்டியைக் கைவிடுகிறார்கள். என் கவலையெல்லாம் அதைப் பற்றியதுதான்.

சிதறிய ஊரின் கடிதக்கட்டு

1990களின் தொடக்கத்தில் போர் தீவகத்தை ஏறக்குறைய வெறுமையாக்கியது. சனம் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் கொழும்புக்கும் இடம்பெயர்ந்தது; அங்கிருந்து கனடா, சுவிஸ், பிரான்ஸ், இங்கிலாந்து என்று பரவியது. 2002 பெப்ரவரி 22 இல் போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தாகி, ஏ9 பாதையும் திறந்தபிறகு, ஊரோடு அறுந்துகிடந்த தொடர்புகள் மெல்ல மெல்ல ஒட்டத் தொடங்கின. அந்தத் தொடர்பில் கணிசமான பங்கு இமெயில் வழியாகவே நடந்தது. கொமினிகேசன் கடையில் காசு கொடுத்து அனுப்பியவர்களும் உண்டு. வெளிநாட்டுப் பிள்ளைகள் வாங்கித் தந்த கொம்பியூட்டரில் வீட்டிலிருந்தே எழுதியவர்களும் உண்டு.

அந்த அஞ்சல்களில் என்ன இருந்தது? கோயில் திருப்பணிக்கு யார் எவ்வளவு அனுப்பினார்கள் என்ற கணக்கு. காணி உறுதியின் ஸ்கான் பிரதி. கல்யாணப் பேச்சு. பழைய மாணவர் சங்கம் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொடுத்த வகுப்பறையின் படம். செத்தவீட்டுச் செய்தி. தாத்தா தலைமுறையின் கடிதங்கள் இடப்பெயர்வில் பெட்டியோடு போயின. அதற்குப் பிறகு குடும்பங்கள் எழுதிக்கொண்டவற்றில் பெரும்பகுதி காகிதத்தில் இல்லை. அது ஹாட் டிஸ்க்கில் இருக்கிறது.

ஏன் பழைய பெட்டியில் மட்டும்?

“அண்ணை, ஜீமெயிலைத் திறந்தா எல்லாம் வரும்தானே, பிறகேன் இந்தக் கரைச்சல்?” என்று இளையவர்கள் கேட்பார்கள். புதிய அஞ்சலைப் பொறுத்தவரை அது சரி, பழையதற்குப் பொருந்தாது.

அந்தக் காலத்தில் டயல்-அப் இணைப்புக்கு நிமிடக் கணக்கில் காசு போனது. இலவச அஞ்சல் கணக்குகளில் சில மெகாபைட் இடமே இருந்தது. ஒரு ஜிகாபைட் என்று இடம் பெருகியது 2004 ஏப்ரில் 1 இல் ஜீமெயில் வந்தபிறகுதான். ஆகவே அவுட்லுக் எக்ஸ்பிரஸ் போன்ற மென்பொருள் ‘பொப்’ முறையில் இணைந்து, அஞ்சல்களை இறக்கி, இணைப்பைத் துண்டித்துவிடும். இறக்கியபின் சேவையகத்தில் பிரதியை வைத்திருக்கச் சொல்லி நாமே குறியிடாவிட்டால் அங்கே இருப்பது அழிந்துவிடும். ஒரே பிரதி உங்கள் மேசைக் கொம்பியூட்டரில் மட்டுமே இருக்கும். அதுவும் ‘டிபிஎக்ஸ்’ என்ற கோப்புகளாக, சாதாரணமாகப் பார்த்தால் கண்ணில் படாத ஒரு மறை அடைவுக்குள். ‘மை டொக்கியுமென்ட்ஸ்’ஐப் பென் ட்ரைவில் எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதை எடுத்திருக்கமாட்டார்கள்.

இன்னொரு மயக்கமும் உண்டு. 2022 மே 30 இலிருந்து, வழமையான கடவுச்சொல்லை மட்டும் கொடுத்து நுழையும் பழைய மென்பொருள்களை ஜீமெயில் படிப்படியாக நிறுத்தியது. அவுட்லுக் எக்ஸ்பிரஸில் அஞ்சல் வரவில்லை என்றதும், அது செத்துவிட்டது என்று பலர் முடிவுகட்டினார்கள். புதிய அஞ்சல்தான் வராது. ஏற்கெனவே இறங்கியவை அப்படியே உள்ளே இருக்கின்றன.

இணையத்திலேயே கிடந்தால் பத்திரம் என்றும் இருந்துவிட முடியாது. இரண்டு வருடமாக யாரும் நுழையாத தனியாள் கணக்குகளை அழிக்கும் கொள்கை ஜீமெயிலுக்கு 2023 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்தது. அப்பா காலமானபின் அவருடைய கடவுச்சொல் தெரியாத வீடுகள் எத்தனை!

பாமினியில் எழுதிய அன்பு

தீவகத்துக்கும் புலம்பெயர் நாடுகளுக்கும் இடையே தமிழில் எழுதப்பட்ட பழைய அஞ்சல்களில் பெரும்பாலானவை பாமினி எழுத்துருவில் இருக்கும். பாமினி யுனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துக் காட்டும் முறை அது. பாமினி இல்லாத புதிய கொம்பியூட்டரில் அதே அஞ்சலைத் திறந்தால், அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். பிள்ளைகள் அதைப் பார்த்து, பழுதடைந்த கோப்பு என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள்.

எழுத்துருக் கோப்பை நிறுவினால் பல அஞ்சல்கள் மீண்டும் தமிழாகத் தெரியும். வெறும் எழுத்தாக அனுப்பப்பட்டவற்றை ‘பொங்குதமிழ்’ போன்ற எழுத்துரு மாற்றியில் ஒட்டி யுனிகோடாக மாற்றலாம். மாற்றாவிட்டால் தேடவும் முடியாது. ‘திருப்பணி’ என்று யுனிகோடில் தட்டித் தேடினால், பாமினியில் எழுதிய திருப்பணிக் கணக்கு ஒருநாளும் கிடைக்காது. எனவே கொம்பியூட்டர் மாற்றும்போது எழுத்துருவும் கூடவே போகவேண்டும்.

எதைப் போடுவது?

இமெயிலுக்கு என் பதில் தண்டர்பேர்ட். 2004 டிசெம்பர் 7 இல் அதன் முதல் முழுப் பதிப்பு வந்தது. இலவசம், திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். நான் அதைச் சொல்வதற்குக் காரணம் வேறு. அது அஞ்சல்களை ‘எம்பொக்ஸ்’ என்ற திறந்த வடிவத்தில், நமது வட்டிலேயே சேமிக்கிறது. நாளைக்குத் தண்டர்பேர்டே இல்லாமற் போனாலும் அந்தக் கோப்புகளை வேறு மென்பொருளில் வாசிக்கலாம். சாதாரண எழுத்துச் செயலியில் திறந்தாற்கூட ஆங்கிலப் பகுதிகள் தெரியும். ‘ஐமப்’ முறையில் இணைத்து, அஞ்சல்களை இந்தக் கொம்பியூட்டரிலும் வைத்திரு என்று குறியிட்டால், சேவையகத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று என இரண்டு பிரதிகள் கிடைக்கும். சிக்னல் கிடைக்காத நேரத்தில் நெடுந்தீவில் இருந்தபடியே முழுவதையும் வாசிக்கலாம்.

விண்டோஸ் 11 உடன் வரும் புதிய அவுட்லுக்கும் இலவசம், பாவிப்பதும் இலகு. ஆனால் ஜீமெயில் போன்ற பிற கணக்கை அதில் சேர்த்தால், அஞ்சல்களின் பிரதி அதன் மேகச் சேமிப்புக்கும் போகும். காணி உறுதியும் வங்கிக் கணக்கும் கிடக்கிற பெட்டிக்கு அது எனக்கு உவப்பில்லை.

மாற்றும் வழி

பழைய பெட்டி விண்டோஸ் எக்ஸ்பி என்றால், அதில் இயங்கக்கூடிய கடைசித் தண்டர்பேர்ட் 52 ஆவது பதிப்பு. அதைப் பழைய இயந்திரத்திலேயே நிறுவி, அவுட்லுக் எக்ஸ்பிரஸ் அஞ்சல்களை உள்ளிழுக்கச் செய்து, பின்னர் எம்பொக்ஸ் கோப்புகளைப் பென் ட்ரைவில் எடுத்துப் புதிய தண்டர்பேர்டின் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ அடைவுக்குள் போடலாம். அது கடினமென்றால், அவுட்லுக் எக்ஸ்பிரஸில் உள்ள அஞ்சல்களை மொத்தமாகத் தெரிவுசெய்து ஒரு வெறும் அடைவுக்குள் இழுத்துவிடுங்கள். ஒவ்வொன்றும் ‘ஈஎம்எல்’ கோப்பாக விழும். அதைத் தண்டர்பேர்ட் திறக்கும். விண்டோஸ் லைவ் மெயில் பாவித்தவர்களுக்கு இன்னும் சுலபம். அது ஆரம்பத்திலிருந்தே ஈஎம்எல் கோப்புகளாகத்தான் சேமித்தது. முகவரிப் புத்தகத்தைத் தனியாக எடுக்க மறக்கவேண்டாம்.

தீவகத்துக்கு இந்த வேலை இன்னும் அவசரம். உப்புக்காற்று இயந்திரத்தின் உள்ளுறுப்புகளை அரிக்கிறது. ஹாட் டிஸ்க் ஒருமுறை பழுதானால், அதைப் படகில் ஏற்றி, குறிகட்டுவானில் இறக்கி, யாழ்ப்பாணம் வரை கொண்டுபோகவேண்டும். கொண்டுபோனாலும் மீட்க முடியும் என்று உறுதி சொல்ல யாருமில்லை.

2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் காத்து வருகிறது. உங்கள் வீட்டு அஞ்சலைக் காக்க நீங்கள்தான் இருக்கிறீர்கள். பழைய இரும்பு எடுப்பவருக்குக் கொம்பியூட்டரைக் கொடுக்க முதல் ஹாட் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். கோயில் பொறுப்பாளர்களும் பழைய மாணவர் சங்கச் செயலாளர்களும் அடுத்த கூட்டத்திலேயே இதை ஒரு விடயமாக எடுங்கள். ரொறொன்ரோவிலும் சூரிச்சிலும் இருக்கிறவர்களே, ஊரிலிருந்து அனுப்பிய அஞ்சல் இங்கே அழிந்திருந்தாலும் உங்கள் நிலவறையில் கிடக்கும் பழைய கொம்பியூட்டரில் அதன் மறுபாதி இருக்கலாம். அதை இந்த மாதமே இயக்கிப் பாருங்கள். எடுத்த பிரதியில் ஒன்றை ஊருக்கும் அனுப்புங்கள்.