மூன்று மடங்கு விலையில் ஒரு வங்கி

மாளிகாவத்தையை அடுத்துள்ள டி.பி. ஜாயா மாவத்தையில் ஹட்டன் நஷனல் வங்கியின் தலைமையகக் கோபுரம் உயர்ந்து நிற்கிறது. 1888 இல் ஹட்டனில், தோட்டத்துரைமாரை நம்பித் தொடங்கிய மலையக வங்கிதான் அதன் வேர். 1970 இல் அது ஹட்டன் நஷனல் வங்கியாக உருமாறியது. இன்று கொழும்புப் பங்குச் சந்தையில் அதன் பங்கை எவரும் வாங்கலாம். என்ன விலைக்கு வாங்கலாம் என்பதுதான் கேள்வி.

தரகர்கள் முதலில் சொல்வது விலை உழைப்பு விகிதம். பங்கின் சந்தை விலையை, பங்கொன்றுக்கான ஆண்டு உழைப்பால் வகுத்தால் அது கிடைக்கும். விலை 300 ரூபாய், உழைப்பு 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் விகிதம் 5.

2022 நெருக்கடியில் கொழும்பின் பல வங்கிப் பங்குகள் நான்கு மடங்குக்கும் கீழே கிடந்தன. மலிவு என்று பலர் நினைத்தார்கள். ஆனால் விகிதம் 3 என்றால், போட்ட 100 ரூபாய்க்கு வங்கி உழைப்பது 33 ரூபாய். அந்த ஆண்டின் பிற்பகுதியில் திறைசேரி உண்டியலே 30 வீதத்துக்கு மேல் வட்டி தந்தது. அப்படியிருக்க, ஆபத்து நிறைந்த பங்குக்கு யார் கூடுதல் விலை கொடுப்பார்கள்?

இதைவிட ஆழமான சிக்கல் இலாபத்திலேயே இருக்கிறது. சீமெந்து விற்பவரின் இலாபம் விற்ற மூட்டைகளில் தெரிந்துவிடும். வங்கியின் இலாபமோ, கொடுத்த கடனில் எவ்வளவு திரும்பி வரும் என்ற மதிப்பீட்டில் தங்கியிருக்கிறது. 2022 ஏப்ரல் 12 அன்று அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியபோது, அரசின் டொலர் முறிகளை வைத்திருந்த வங்கிகள் இலாபத்திலிருந்து பெருந்தொகையை ஐயக்கடன் ஏற்பாடாக ஒதுக்க நேர்ந்தது. கூடுதலாக ஒதுக்கிய வங்கியின் உழைப்பு சுருங்கும், விகிதம் ஏறும். எச்சரிக்கையாக இருந்த வங்கிதான் விலை கூடியதாகத் தோன்றும்! 2024 டிசம்பரில் அந்த முறிகள் புதியவையாக மாற்றப்பட்டபோது, ஏற்பாட்டில் ஒரு பகுதி சில வங்கிகளின் இலாபத்துக்குத் திரும்பியது. அந்த ஆண்டு உழைப்பை மட்டும் வைத்து வகுத்தால் விகிதம் பொய்யாகக் குறையும். அந்த வரவு ஆண்டுதோறும் வராது.

2023 ஜூன் இறுதியில், உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்காக வங்கிகளும் சந்தையும் ஐந்து நாட்கள் மூடப்பட்டன. வங்கிகளின் திறைசேரி முறிகள் தொடப்படவில்லை. சுமை ஊழியர் சேமலாப நிதியின் மேல் இறங்கியது. வாழ்நாளில் ஒரு பங்குகூட வாங்காத தொழிலாளியின் சேமிப்பு அது. ஜூலை 4 அன்று சந்தை திறந்ததும் வங்கிப் பங்குகள் துள்ளி எழுந்தன. வெளியான இலாபக் கணக்கு அதேதான், விகிதம் மட்டும் உயர்ந்தது.

அமெரிக்காவின் சிலிக்கன் வேலி வங்கி இன்னும் கடுமையான பாடம். 2022 இல் அதன் பங்கொன்றுக்கான உழைப்பு ஏறக்குறைய 25 டொலர். 2023 மார்ச் 8 அன்று விலை 267 டொலர். பத்து மடங்கு சொச்சம், பார்வைக்கு நியாயமான விலை. இரண்டே நாளில் வங்கி மூடப்பட்டது. வட்டி ஏறியதால் அதன் கைவசமிருந்த முறிகள் இழந்த பெறுமதி, 2022 இன் இலாபக் கணக்கில் ஏறவே இல்லை.

ஆகவே விகிதத்தோடு பங்கொன்றுக்கான தேறிய சொத்தையும், மூன்று நான்கு ஆண்டுகளின் ஐயக்கடன் ஏற்பாட்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். காலாண்டு அறிக்கைகளைப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஹட்டன் நஷனல் வங்கிக்கு வாக்குரிமையற்ற பங்கும் உண்டு. இலாபத்தில் பங்கு அதற்கும் உண்டு. சந்தையில் அது விலை குறைவு, ஆகவே விகிதமும் குறைவு. நூறு பங்கு வைத்திருப்பவரின் வாக்கு பொதுக்கூட்டத்தில் எதையும் மாற்றப்போவதில்லை என்பதால், சிறு முதலீட்டாளர் இதைக் கவனிப்பது நல்லது. விற்கும் நாளில் வாங்க வருவோர் குறைவாக இருக்கலாம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.