பேசினுக்குள் ஒரு பொங்கல்

"நெல்லு எந்த மரத்தில் காய்க்கும்?" என்று இடம்பெயர்ந்த இடத்தில் வளரும் பிள்ளை கேட்டால், கமக்காரருக்கு அது நெஞ்சில் தைக்கும் கேள்வி. காணிக்கு எப்போது திரும்புவோம் என்பது நம் கையில் இல்லை. ஆனால் வயலையும் பண்டிகையையும் பிள்ளைக்குத் தொட்டுக் காட்ட நம்மால் முடியும். ஒரு பழைய பேசின் போதும்.

பேசினில் மணலோ உமியோ நிரப்பி, அள்ளவும் ஊற்றவும் புதைத்துத் தேடவும் பிள்ளையை விடுங்கள். இது நமக்குப் புதிதன்று. ஏடு தொடக்கும்போது அரிசியிலும், பின்னர் மணலிலும் விரலால் 'அ' எழுதிப் பழகிய பரம்பரை நாம். அள்ளிப் பழகும் விரல்கள் பென்சில் பிடிக்கப் பலம் பெறுகின்றன. சிரட்டையால் அளக்கும்போதே கூட, குறைய என்ற கணக்கும் மனதில் பதிகிறது.

தைப்பொங்கலுக்கு

பேசினின் ஒரு பாதியில் ஈரமணல். மறுபாதியில் சுளகில் புடைத்துத் தூசி போக்கிய உமியும் பதரும். உண்ணும் அரிசியைக் கொட்டவேண்டாம். தானியத்தின் அருமையையும் பிள்ளை அறியவேண்டும். மணலில் வரம்பு கட்டட்டும். புல்லை நட்டு நாற்று என்று சொல்லட்டும். வைக்கோலை அடுக்கிச் சூடு வைக்கட்டும். மூன்று கல்லும் ஒரு சிரட்டையும் பொங்கல் பானையாகும். மஞ்சள் இலையைக் கசக்கி மணக்கக் கொடுங்கள். அப்பு, ஆச்சி இருந்தால் அவர்களே ஆசிரியர். "எங்கட வயலுக்கு வாய்க்கால் இந்தப் பக்கத்தாலதான் வந்தது" என்று மணலில் கீறிக் காட்டட்டும்.

நத்தாருக்கு

அதே மணலில் வைக்கோல் வேய்ந்த பாலன் குடில் அமைக்கலாம். களிமண்ணில் ஆடுகள் செய்யலாம். ஓலையில் வெட்டிய நட்சத்திரத்தைப் புதைத்துத் தேடவிடலாம்.

கவனிக்க வேண்டியவை

* மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை எதையும் வாயில் வைக்கும். கடலை, பயறு, பொத்தான் வேண்டாம். மூக்கில் புகுந்த பயறு ஈரத்தில் ஊதிவிடும்.
* குன்றிமணி, ஆமணக்கு வித்து, அலரி விதை ஆகியன நஞ்சு. அவை பேசினுக்குள் வரக்கூடாது.
* மணலை அரித்து, கழுவி, வெயிலில் காயவையுங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் மணல் எடுக்கவே கூடாது.
* தண்ணீர் உள்ள பேசினுடன் பிள்ளையை ஒரு நிமிடமேனும் தனியே விடாதீர்கள்.
* விளையாடி முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

சில பிள்ளைகள் மணலில் வீடு கட்டிக் கட்டி உடைப்பார்கள். அதட்டாதீர்கள், துருவிக் கேட்கவும் வேண்டாம். பக்கத்தில் இருங்கள். பிள்ளை தானாகச் சொன்னால் காது கொடுங்கள். நித்திரை கெட்டு, பேச்சுக் குறைந்து நெடுநாள் இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பொங்கலன்று அரிசி களையுமுன், ஒரு பிடியைப் பிள்ளையின் கையால் அள்ளிப் போடச் செய்யுங்கள். நெல்லு எங்கே விளைகிறதென்று அப்போது கேட்டுப் பாருங்கள்.