எந்தக் கிருமி என்று கேளுங்கள்

"சளிக்கு ஒரு ஆன்டிபயாட்டிக் குடுங்க" என்று மருந்துக் கடையில் கேட்பதும், சீட்டே பார்க்காமல் கடைக்காரர் நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பதும் நம் ஊரில் அன்றாடக் காட்சி. சளி பிடித்தால் உடம்பில் கிருமி, ஆன்டிபயாட்டிக் கிருமியைக் கொல்லும், ஆகவே அதுவே மருந்து. இந்தக் கணக்கு தப்பாகும் இடம் 'கிருமி' என்ற சொல்தான்.

வடமொழியிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு மூலப் பொருள் புழு. இராமானுஜரைத் துன்புறுத்தியதாக வைணவ மரபு சொல்லும் மன்னனுக்குக் கிருமிகண்ட சோழன் என்று பெயர். கண்டம் என்றால் கழுத்து, கழுத்துப் புண்ணில் புழு வைத்தது என்பது கதை. கண்ணுக்குத் தெரிந்த புழுவின் பெயரைக் கண்ணுக்குத் தெரியாத எல்லாவற்றுக்கும் பிற்காலத்தில் வைத்துவிட்டோம்.

அறிவியல் பெயர்கள் அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றன. பாக்டீரியா, சிறுகோலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 19ஆம் நூற்றாண்டில் எரன்பெர்க் என்ற அறிவியலாளர் நுண்ணோக்கியில் கண்டவை குச்சி வடிவில் இருந்ததால் அந்தப் பெயர் வந்தது. வைரஸ் என்றால் லத்தீனில் நஞ்சு. புகையிலைச் செடியில் நோய் உண்டாக்கும் ஏதோ ஒன்று, பாக்டீரியாவை நிறுத்திவிடும் வடிகட்டியையும் கடந்து போவதை ஆராய்ந்த பெயரிங்க் என்ற அறிவியலாளர், 1898இல் அந்தப் பழைய சொல்லை அதற்குச் சூட்டினார். பாக்டீரியா தானே பெருகும் உயிரணு. பென்சிலின் அதன் சுவரைக் கட்டவிடாமல் கெடுக்கிறது. வைரஸுக்கு அப்படிச் சுவரே கிடையாது, நம் உயிரணுவுக்குள் புகுந்துதான் பெருகும். ஆன்டிபயாட்டிக்குக்கு அங்கே வேலையில்லை.

சாதாரணச் சளி, ஃப்ளூ, டெங்கு எல்லாம் வைரஸ். டைபாய்டும் காசநோயும் பாக்டீரியா. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் விழுங்கினால் நோய் தீராது. குடலில் நமக்கு உதவும் பாக்டீரியா மடிந்து வயிற்றுப்போக்கு வரலாம், தப்பிப் பிழைத்தவை மருந்துக்கு அடங்காதவையாகப் பெருகும். பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945இலேயே நோபல் உரையில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா உருவாகலாம் என்று எச்சரித்தார். 2019இல் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவே நேரடிக் காரணமாக உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு.

மருத்துவரிடம், "இது பாக்டீரியாவா, வைரஸா? ஆன்டிபயாட்டிக் கட்டாயம் வேணுமா டாக்டர்?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. நோயாளியின் உரிமை அது. எழுதிக் கொடுத்தால் எத்தனை நாள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்; நீங்களாக நிறுத்தாதீர்கள், மிச்சத்தை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

கடையில் வாங்கும்போதும் கவனியுங்கள்: மாத்திரை அட்டையின் இடப்பக்கம் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த, மருந்து விதிகளின் ஹெச்1 அட்டவணையில் உள்ள வீரியமான ஆன்டிபயாட்டிக்குகளுக்கு, எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். பில் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் புகார் நிற்பது கடினம். சீட்டில்லாமல் விற்கும் கடையைப் பற்றி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் தரலாம்.

மாத்திரை சாப்பிட்டபின் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், அட்டையையும் எடுத்துக்கொண்டு. பிறகு அந்தப் பக்கவிளைவை 1800-180-3024 என்ற அரசின் கட்டணமில்லா எண்ணில் நீங்களே பதிவு செய்யலாம்.