அந்நிய மண்ணில் முதல் லைசென்ஸ்

மோட்டார் வண்டி பிறந்த தேசம் ஜெர்மனி. தாம் நிர்மாணித்த மூன்று சக்கர வாகனத்துக்கு 1886-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸ், அதைப் பொதுச் சாலைகளில் செலுத்திப் பார்ப்பதற்கு 1888-ல் பாடன் சமஸ்தானத்து அதிகாரிகளிடம் எழுத்து மூலமாக அநுமதி பெற்றார். உலகத்தின் முதல் ஓட்டுநர் உரிமம் என்று பலரும் குறிப்பிடுவது அந்த அநுமதியைத்தான். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மனைவி பெர்தா, புதல்வர் இருவரையும் அழைத்துக்கொண்டு, மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை அவ்வகை வாகனத்திலேயே கடந்து, அது விளையாட்டுப் பொருளன்று என்பதை ஊரறியச் செய்தார். 1909-ஆம் ஆண்டிலே ஜெர்மானியப் பேரரசு முழுவதற்கும் பொதுவான மோட்டார் சட்டம் ஏற்பட்டது. வாகனத்தைப் படைத்தவரே அநுமதி கேட்டுச் சாலையில் இறங்கிய அந்தத் தேசத்தில், இன்று புதிதாகக் குடியேறும் ஒருவர் தம் வாழ்நாளின் முதல் லைசென்ஸைப் பெறுவது எவ்வாறு என்பதை அறிவது, அங்கே செல்ல நினைப்போருக்கு மட்டுமல்லாமல், சாலையில் நடக்கிற எல்லோருக்குமே பிரயோஜனமான விஷயமாகும்.

உயர்படிப்புக்காகவும் உத்தியோகத்துக்காகவும் ஜெர்மனிக்குச் செல்லும் நம்மவர்களில், ஊரில் இருந்தவரையில் காரின் ஸ்டியரிங்கைத் தொட்டே பாராதவர்கள் அநேகர். பெரிய நகரங்களில் ரெயிலும் டிராமும் பஸ்ஸும் பெரும்பாலும் காலந்தவறாமல் கிடைப்பதனால், முதலிரண்டு வருஷங்கள் அந்தக் குறை தெரியாமலே கழிந்துவிடுகின்றன. பின்பு நகரத்துக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைக்கும்போதோ, இரவு வேளையில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு மருத்துவமனைக்கு ஓட நேரும்போதோ, இனியும் தள்ளிப்போட முடியாது என்ற நிலை வருகிறது.

ஊரில் லைசென்ஸ் பெற்றுச் சென்றவர்களுக்கும் அங்கே சலுகை அதிகமில்லை. ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதங்கள் வரைதான் இந்திய லைசென்ஸ் செல்லும். அதன் பிறகு எழுத்துப் பரீட்சை, சாலைப் பரீட்சை இரண்டிலும் தேறியாக வேண்டும். ஓட்டிப் பழகியவர் என்பதற்காக, கட்டாயப் பயிற்சி வகுப்புகளிலிருந்து மாத்திரம் அவருக்கு விலக்கு உண்டு. அங்கே குடியேறியபின் விடுமுறையில் ஊருக்கு வந்து அவசர அவசரமாக வாங்கிச் செல்லும் லைசென்ஸை அந்நாட்டுச் சட்டம் அங்கீகரிப்பதே இல்லை. ஆகையால் முதல் லைசென்ஸை அங்கே பெறுகிறவர், முறைப்படி ஆரம்பத்திலிருந்தே தொடங்குவதுதான் வழி.

அந்த ஆரம்பம் வண்டியில் நடைபெறுவதில்லை என்பதே முதலில் கவனிக்கத்தக்கது. கண் பரிசோதனைச் சான்றிதழுடன், முதலுதவிப் பயிற்சி பெற்றதற்கான அத்தாட்சியையும் சேர்த்துத்தான் விண்ணப்பத்தை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். நாற்பத்தைந்து நிமிஷம் கொண்ட ஒன்பது பாடங்களில், மூர்ச்சையுற்றவரை எப்படிப் படுக்கவைப்பது, பெருகும் இரத்தத்தை எப்படி நிறுத்துவது, சுவாசம் நின்றவரின் மார்பை எவ்வாறு அழுத்துவது என்பவையெல்லாம் கைப்பழக்கமாகக் கற்பிக்கப்படுகின்றன. விபத்தில் சிக்கியவருக்கு இயன்ற உதவியைச் செய்யாமல் ஒதுங்கிப் போவது அந்நாட்டில் தண்டனைக்குரிய குற்றம். வாகனத்தால் விளையக்கூடிய துன்பத்தைத் துடைக்கக் கற்றுக்கொண்ட பிறகே வாகனத்தைத் தொடலாம் என்ற இந்த வரிசைக் கிரமத்தில், ஓர் ஆழ்ந்த தர்ம நியாயம் இருக்கிறது.

அடுத்தது ஓட்டுநர் பள்ளி. தொண்ணூறு நிமிஷம் கொண்ட பதினான்கு வகுப்புகளில் சாலை விதிகள் போதிக்கப்படுகின்றன. எழுத்துப் பரீட்சை என்று பெயரிருந்தாலும் அது கணினித் திரையில் நடைபெறுவது. ஆயிரத்துக்கு மேற்பட்ட வினாக்கள் அடங்கிய தொகுப்பிலிருந்து 30 வினாக்கள் கேட்கப்படுகின்றன. ஒவ்வொரு வினாவுக்கும் அதன் முக்கியத்துவத்துக்கு ஏற்ப இரண்டு முதல் ஐந்து வரை பிழைப் புள்ளிகள் உண்டு. பத்துக்கு மேல் பிழைப் புள்ளி பெற்றவரும், ஐந்து புள்ளி வினாக்கள் இரண்டில் தவறியவரும் தேற முடியாது. 2014 முதல், சாலைக் காட்சியைச் சிறு படமாக ஓடவிட்டு, அதிலே ஒளிந்திருக்கும் அபாயத்தைக் கண்டுகொள்ளும்படி கேட்கும் வினாக்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஜெர்மன் தவிர ஆங்கிலம், துருக்கி, அரபு உட்படப் பன்னிரண்டு மொழிகளில் இப்பரீட்சையை எழுதலாம். இந்திய மொழி எதுவும் அவற்றுள் இல்லாமையால், நம்மவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தையே நாடுகிறார்கள்.

இடப்புறம் செல்லும் சாலையிலே வளர்ந்தவருக்கு வலப்புறம் செல்வது புதிது. அதைக் காட்டிலும் புதிது, அடையாளப் பலகையோ விளக்கோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும் என்ற விதி. வலப்பக்கத்துச் சந்து எவ்வளவு சிறியதாயினும், அதிலிருந்து வருவது சைக்கிளே ஆனாலும், பெரிய வண்டி நின்றுதான் ஆக வேண்டும்; உருவத்தின் பருமனும் ஒலிப்பானின் உரப்பும் அங்கே முன்னுரிமையை நிர்ணயிப்பதில்லை. நெடுஞ்சாலையில் வாகனங்கள் தேங்கத் தொடங்கிய மாத்திரத்தில், விபத்து நடந்ததா இல்லையா என்று தெரியாதபோதே, இடக்கோடித் தடத்தில் உள்ளவர்கள் இடப்புறமாகவும் மற்றவர்கள் வலப்புறமாகவும் ஒதுங்கி, ஆம்புலன்ஸ் செல்வதற்கு நடுவிலே பாதை அமைக்க வேண்டும். குழந்தைகளும் முதியோரும் ஊனமுற்றோரும் தென்பட்டால், அவர்களுக்கு அபாயம் நேரவே இடமில்லாதபடி வேகத்தைத் தணித்துச் செல்ல வேண்டுமென்பது சட்டத்தின் தனி விதி. அந்நாட்டுச் சாலைச் சட்டத்தின் முதற்பிரிவு, இடைவிடாத ஜாக்கிரதையையும் பரஸ்பர மரியாதையையும் ஒவ்வொருவரிடமும் எதிர்பார்க்கிறது; மற்ற பிரிவுகளெல்லாம் அதன் விரிவுரைகளே என்று சொல்லலாம்.

வண்டியோட்டும் பயிற்சிக்கு வருவோம். சிநேகிதரையோ உறவினரையோ பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பொதுச் சாலையில் பழகுவதற்கு அங்கே அநுமதி கிடையாது. உரிமம் பெற்ற ஆசிரியர், தமக்கெனத் தனி பிரேக் பொருத்திய வண்டியில் அருகே அமர்ந்து கற்பிக்கிறார். பயிற்சியின்போதும் பரீட்சையின்போதும் வண்டியைச் செலுத்துகிறவர் அந்த ஆசிரியரே என்று சட்டம் கருதுகிறது. மாணவன் இழைக்கும் பிழையை ஆசிரியர் ஏற்றுக்கொள்ளும் இந்த ஏற்பாட்டினால், ஆசிரியர் அசட்டையாக இருக்க இயலாது. மாணவனும் அச்சமின்றிக் கற்கிறான். ஊர்ப்புறச் சாலையில் ஐந்து, அதிவேக நெடுஞ்சாலையில் நான்கு, இருட்டிய பின்பு மூன்று என்று, நாற்பத்தைந்து நிமிஷம் கொண்ட பன்னிரண்டு விசேஷப் பாடங்கள் கட்டாயமானவை. சாதாரணப் பாடங்கள் எத்தனை தேவை என்பது அவரவர் திறமையைப் பொறுத்தது. இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு 2,000 யூரோவைத் தாண்டுவது சகஜம். 3,000 யூரோவுக்கு மேல் செலவிடுகிறவர்களும் பலர். ஏழை மாணவர்களுக்கும் அகதிகளாய் வந்தவர்களுக்கும் இது பெரும் பாரம் என்பதில் சந்தேகமில்லை. கற்பிக்கும் தரம் குன்றாமல் கட்டணம் குறைய வழி காண்பது அவ்வரசாங்கத்தின் கடமையேயாகும்.

சாலைப் பரீட்சை 55 நிமிஷம் நடைபெறுகிறது. அதில் ஏறக்குறைய அரை மணி நேரம் வண்டியோட்டம். ஆசிரியர் பக்கத்திலும் பரீட்சகர் பின்னிருக்கையிலும் அமர்கிறார்கள். டயரின் வரிப்பள்ளம் எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும், விளக்குகள் சரியாக எரிகின்றனவா என்பன போன்ற கேள்விகளுக்குப் பின் வண்டி புறப்படுகிறது. தடம் மாறும்போதும் திரும்பும்போதும், கண்ணாடியில் பார்த்தால் மட்டும் போதாது. தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால், சைக்கிளில் யாரேனும் வருகிறார்களா என்று நோக்கியாக வேண்டும். ஆசிரியர் குறுக்கிட்டு பிரேக்கை அழுத்தும்படி நேர்ந்தால் பரீட்சை தோல்வியே. பரீட்சகரின் உத்தரவுகள் ஜெர்மன் மொழியிலேயே வருவதனால், அடுத்த சந்திப்பில் இடம் திரும்புக, சந்தர்ப்பம் பார்த்து வண்டியை நிறுத்துக என்பன போன்ற வாக்கியங்களை முன்னதாகவே ஆசிரியரிடம் கேட்டுப் பழகிக்கொள்வது, எவ்வளவோ பதற்றத்தைத் தவிர்க்கும்.

தேறிய பின்னும் முதல் இரண்டு வருஷங்கள் சோதனைக் காலம். அக்காலத்தில் ஒரு சொட்டு மதுவும் அருந்திவிட்டு வண்டியில் ஏறக்கூடாது. பெருங்குற்றம் ஒன்று செய்தால் மறுபயிற்சிக்குச் செல்ல நேர்வதோடு, சோதனைக் காலமும் நான்கு வருஷமாக நீள்கிறது. நாடு முழுவதிலுமுள்ள ஓட்டுநர்களின் குற்றப் புள்ளிகள் ஃப்ளென்ஸ்பர்க் என்ற வடகோடி நகரத்தில் பதிவாகின்றன. எட்டுப் புள்ளிகள் சேர்ந்தவர் உரிமத்தை இழக்கிறார். அவர் அந்நாட்டிலே பிறந்தவரா, நேற்று வந்தவரா என்ற பேதம் இக்கணக்கில் இல்லை.

இத்தனை நிபந்தனைகளையும் அந்நியர்மீது சுமத்தப்பட்ட தொல்லை என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. மொழியும் பருவமும் பழக்கமும் புதிதாயுள்ள இடத்தில், தோல்வியும் செலவும் சேர்ந்து மனத்தை வருத்துவது இயல்பே. ஆயினும் குடியேறியவருக்கு ஓர் அரசாங்கம் தரக்கூடிய பத்திரங்களுள் இந்தச் சிறு அட்டை தனிச் சிறப்புடையது. தங்குவதற்குத் தரும் அநுமதியும் உழைப்பதற்குத் தரும் அநுமதியும் அவருடைய தேவையை ஒட்டியவை. ஓட்டுநர் உரிமமோ, முன்பின் அறியாத இலட்சோபலட்சம் மனிதர்களின் உயிரை அவர் கையிலே நம்பி ஒப்படைக்கலாம் என்று அத்தேசம் வழங்கும் நற்சாட்சி. அத்தகைய நம்பிக்கையை எளிதில் தரக்கூடாது. எளிதில் பெறவும் விரும்பக்கூடாது. ஆகவே, அங்கே முதல் லைசென்ஸுக்கு முயல்கிறவர்கள், நாட்களைச் சுருக்கும் வழியைத் தேடாமல், பொறுமையுள்ள ஆசிரியர் ஒருவரைத் தேடுவார்களாக. புரியாததை இரண்டாம் முறையும் கூச்சமின்றிக் கேட்பார்களாக. தேர்ச்சிக்காகக் கற்ற விதிகளை, பரீட்சகர் பின்னிருக்கையில் இல்லாத நாட்களிலும் அதே சிரத்தையுடன் அநுசரிப்பார்களாக. அந்த அநுசரிப்பே அவர்களுடைய பிரஜாதர்மத்தின் தொடக்கம்.